கேமராவும் போனும் ஒரே கேபிளில்: ஸ்விட்ச் போர்ட்டில் கியூஓஎஸ் போடுவது எப்படி

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. கேட்டை ஒட்டிய எடைமேடை அறையில் ஒரு 24 போர்ட் பிஓஇ (கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும்) ஸ்விட்ச், அதில் 20 கேமரா, மூன்று ஐபி போன், எடைச் சீட்டு போடும் கம்ப்யூட்டர் ஒன்று. கேமரா ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் அமைப்பில் ஓடுகிறது. அங்கிருந்து ஆபீஸ் ஸ்விட்சுக்கு ஒரே ஒரு கேபிள். ரெக்கார்டர், கணக்கு சர்வர், பிராட்பேண்ட் ரவுட்டர் எல்லாம் ஆபீஸில். பகலில் கேட்டிலிருந்து ஆபீஸுக்குப் போன் போட்டால் குரல் வெட்டி வெட்டி வருகிறது, சாயங்காலம் கிளவுட் பேக்கப் ஓடும்போது வெளி அழைப்புகளும் அதே கதி. ஸ்விட்சின் கியூஓஎஸ் (எது முதலில் போக வேண்டும் என்று முன்னுரிமை கொடுக்கும் வசதி) பக்கத்துக்குப் போய் கேமரா, போன், கம்ப்யூட்டர் எல்லாப் போர்ட்டுக்கும் 'ஹை' கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. எஸ்பி, டபிள்யூஆர்ஆர் என்று இரண்டு வரிசை முறை இருக்கிறதே, எதைப் போடுவது? இதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்லும் முன், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு போர்ட் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறங்கள். எடைமேடை ஸ்விட்சிலிருந்து ஆபீஸுக்குப் போகிற அந்த ஒற்றைக் கேபிள் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா? காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரை ஓரமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஜிகாபிட் ஓட கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடியே போதும். உப்புக் காற்றில் ஆர்ஜே45 முனையின் பின்கள் பச்சை பூத்து ஒரு ஜோடியின் தொடர்பு போனால், பல ஸ்விட்சுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். லைட் எரியும், பிங் போகும், கேமராவும் தெரியும். யாருக்கும் சந்தேகமே வராது. முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், பொன் நிறத்தில் இருக்க வேண்டிய பின்களில் இரண்டு மூன்று கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் வெட்டிப் போட்டுப் புது முனை கிரிம்ப் செய்யுங்கள். ஸ்விட்ச் பக்கம் இருக்கும் ஜாக்கின் பின்னும் அப்படி இருந்தால் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அந்த அறை ஆபீஸிலிருந்து 100 மீட்டரைத் தாண்டி இருந்தால் செம்பு கேபிளே கூடாது, ஃபைபர் போட்டுவிடுங்கள். இடி மின்னலுக்கும் அதுதான் நல்லது.

ஏன் இதற்கு இவ்வளவு இழுக்கிறேன் என்றால், 20 கேமரா 4 எம்பிபிஎஸ் வீதம் 80 எம்பிபிஎஸ். ஜிகாபிட் லிங்கில் இது ஒன்றுமே இல்லை, 100 எம்பிபிஎஸ் லிங்கில் ஏறக்குறைய முழுசு. ஸ்விட்சின் கிராஃப் 80 சதவீதம் என்று காட்டும், நீங்களும் இன்னும் 20 மீதி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது சராசரிக் கணக்கு. கேமரா எப்போதும் ஒரே சீராக அனுப்புவதில்லை, ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படத்தை அனுப்பும், நடுவில் மாற்றங்களை மட்டும் சின்னச் சின்னதாக அனுப்பும். ஒரு முழுப் படம் பேச்சுக்கு 150 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கேமராவின் முழுப் படம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், 100 எம்பிபிஎஸ் கேமரா போர்ட்டுகள் வழியாக அவை உள்ளே வர 12 மில்லி வினாடி ஆகும். அந்த 12 மில்லி வினாடிக்குள் 750 கிலோபைட் உள்ளே வந்திருக்கும், வெளியே போயிருப்பது 150 தான். மீதி 600 எங்கே நிற்கும்? ஸ்விட்சின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில். இந்த ரகச் சின்ன ஸ்விட்சுகளில் பல 512 கிலோபைட் பஃபரோடுதான் வருகின்றன, அதுவும் எல்லாப் போர்ட்டுக்கும் பொதுவாக. ஆக, பஃபர் நிரம்பி வழியும், அந்த நேரத்தில் வரும் குரல் பாக்கெட் (குரலைத் துண்டு போட்டு அனுப்பும் தரவுப் பொட்டலம்) கேள்வி கேட்காமல் தூக்கி எறியப்படும். தப்பிப் பிழைத்து வரிசையில் நின்றாலும் முன்னால் இருக்கும் 512 கிலோபைட் போய் முடிய 42 மில்லி வினாடி. போனில் பேசும்போது 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட் போக வேண்டும், அதில் ஒன்று உடனே வந்து, அடுத்தது 40 தாமதமாகி, அதற்கடுத்த இரண்டு காணாமல் போனால் அதுதான் நீங்கள் சொல்லும் 'வெட்டி வெட்டி'.

கேபிளைச் சரி செய்து 1000 வந்துவிட்டால் பகல் பிரச்சினை பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். கியூஓஎஸ் என்பது இருக்கிற பாதையில் யார் முதலில் போவது என்று மட்டும்தான் தீர்மானிக்கும், பாதையை அகலப்படுத்தாது. இருந்தாலும் அதைப் போட்டு வையுங்கள், நாளை இன்னும் பத்து கேமரா ஏறும், அல்லது அடுத்த மழைக்குள் மறுபடியும் ஒரு பின் போகும்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். வரிசை உருவாவது போர்ட்டிலிருந்து வெளியே போகிற பக்கத்தில். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நீங்கள் போன் செருகிய போர்ட்டில் 'ஹை' கொடுத்தது, அந்தப் போர்ட் வழியாக உள்ளே வரும் பாக்கெட்டுக்கு இது முக்கியமானது என்று சீட்டு ஒட்டுவதற்கு மட்டும். அந்தச் சீட்டைப் பார்த்து யாரை முதலில் அனுப்புவது என்று முடிவெடுப்பது வெளியே போகும் அப்லிங்க் போர்ட், அதாவது ஆபீஸ் கேபிள் செருகிய போர்ட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் வெளிப்பக்கத்தில் பொதுவாக 4 அல்லது 8 கியூ (தனித்தனி வரிசை) இருக்கும், சீட்டைப் பொறுத்து பாக்கெட் ஏதாவது ஒன்றில் போய் நிற்கும். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு ஒட்டியதால் எல்லாம் ஒரே கியூவில் போய் நின்றன, மற்ற கியூக்கள் காலி. முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே, வந்தவர் வந்த வரிசையில். ஒன்றும் மாறாததில் ஆச்சரியமே இல்லை.

எஸ்பி என்பது ஸ்டிரிக்ட் பிரியாரிட்டி. மேல் கியூவில் ஒரு பாக்கெட் இருந்தாலும் கீழ்க் கியூவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்வருகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் நம் வண்டியை நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸை அனுப்புவார்களே, அது. ஆனால் ஏற்கெனவே பாதையில் ஏறிவிட்ட வண்டியைப் பின்னால் தள்ள முடியாது, எக்ஸ்பிரஸாக இருந்தாலும் அது போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்விட்சிலும் அப்படித்தான். 1518 பைட் கேமரா பாக்கெட் ஒன்று கம்பியில் ஏற ஆரம்பித்துவிட்டால் குரல் பாக்கெட் அது முடியும்வரை நிற்கும். அந்தக் காத்திருப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 123 மைக்ரோ வினாடி, ஜிகாபிட்டில் 12. முன்னால் சொன்ன 42 மில்லி வினாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எதற்காக இந்த வேலை என்பது புரியும்.

எஸ்பியின் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மேல் கியூவில் அதிகம் பாயும் எதையாவது போட்டுவிட்டால் கீழே இருப்பவை பட்டினி. கேமராவை எஸ்பியில் போட்டு, லிங்க்கும் 100க்கு இறங்கியிருந்தால், முழுப் படங்கள் குவியும் ஒவ்வொரு முறையும் எடைமேடை கம்ப்யூட்டரின் பாக்கெட்டுகள் நகராது. அது அனுப்புவது கொஞ்சம்தான், லாரி நம்பர், மொத்த எடை, காலி எடை. ஆனால் டேட்டாபேஸ் இணைப்பு டைம் அவுட் ஆகி எடைச் சீட்டு பாதியில் நின்றால், கேட்டில் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பிப்பார். குரலை எஸ்பியில் போடுவதில் இந்தப் பயம் இல்லை. சாதாரண ஜி.711 (குரலை எண்ணாக்கும் வழக்கமான முறை) அழைப்புக்கு வினாடிக்கு 50 பாக்கெட், முகவரி போன்ற விவரம் இருக்கும் தலைப்புகள் எல்லாம் சேர்த்து ஒன்று 218 பைட், மொத்தம் ஒரு திசையில் 87 கேபிபிஎஸ். மூன்று போனும் ஒரே நேரத்தில் பேசினாலும் 262 கேபிபிஎஸ்ஸைத் தாண்டாது, இது யாரையும் பட்டினி போடாது.

டபிள்யூஆர்ஆர், அதாவது எடை போட்ட சுற்று முறை. நான்கு கியூவுக்கு 1, 2, 4, 8 என்று எடை இருந்தால், எல்லாக் கியூவிலும் ஆள் நிற்கும்போது ஒரு சுற்றில் முதல் கியூவிலிருந்து 1, அடுத்ததிலிருந்து 2 என்று எடுக்கும். 100 எம்பிபிஎஸ்ஸில் கணக்குப்படி அடி கியூவுக்கு 6.7, மேல் கியூவுக்கு 53. யாரும் முழுப் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஒரு கியூ காலியாக இருந்தால் அதன் பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும், வீணாகாது. எடை 8 கொடுத்தால் 53க்கு மேல் போகாது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தப்பு. மேல் வரம்பு வேண்டுமானால் அதற்கு ஷேப்பர் (வேகத்துக்கு வரம்பு போடும் அமைப்பு) தனியாகப் போட வேண்டும்.

இங்கே ஒரு சங்கதி உண்டு, ஸ்விட்ச் கூட வரும் கையேட்டில் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்கள். எடை என்பது பாக்கெட் எண்ணிக்கையா, பைட்டா? பாக்கெட் எண்ணும் ஸ்விட்சாக இருந்தால், எடை 8 வாங்கிய குரல் கியூ ஒரு சுற்றில் அனுப்புவது 8 பெருக்கல் 218, சுமார் 1,744 பைட். எடை 4 வாங்கிய கேமரா கியூ 4 பெருக்கல் 1518, சுமார் 6,072 பைட். பாதி எடை வாங்கியவன் மூன்றரை மடங்கு கொண்டுபோகிறான்! இதைச் சரிசெய்யத்தான் டெஃபிசிட் ரவுண்ட் ராபின் (டிஆர்ஆர்) என்ற முறையை 1995இல் ஸ்ரீதர், வர்கீஸ் என்ற இருவர் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கியூவுக்கும் சுற்றுக்கு இத்தனை பைட் என்று வரவு வைத்து, முன்னால் நிற்கும் பாக்கெட் அந்த வரவுக்குள் அடங்கவில்லை என்றால் மீதியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும். கணக்கு எளிது, ஹார்ட்வேரில் செய்வதும் எளிது, அதனால் நிறைய ஸ்விட்ச் சிப்புகளில் இது இருக்கிறது. உங்கள் மெனுவில் டிஆர்ஆர் அல்லது டிடபிள்யூஆர்ஆர் இருந்தால் டபிள்யூஆர்ஆருக்குப் பதில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குரலையும் சுற்று முறையிலேயே விட்டால் என்ன ஆகும்? உண்மையைச் சொன்னால் 100 எம்பிபிஎஸ்ஸில் பெரிதாக ஒன்றும் ஆகாது. மற்ற மூன்று கியூவும் சேர்ந்து 7 பெரிய பாக்கெட் அனுப்பி முடிக்க 0.86 மில்லி வினாடி, காது இதைக் கண்டுபிடிக்காது. இதே கணக்கை 2 எம்பிபிஎஸ் லிங்கில் போட்டால் 43 மில்லி வினாடி வரும், அங்கே எஸ்பி இல்லாமல் முடியாது. எஸ்பியா டபிள்யூஆர்ஆரா என்ற சண்டை மெதுவான லிங்கில்தான் உயிரோடு இருக்கிறது, ஆபீஸ் ஜிகாபிட் ஸ்விட்சில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு நான் போடச் சொல்வது கலவை முறை. மேல் கியூ மட்டும் எஸ்பி, அதில் குரல் மட்டும். மற்ற மூன்றும் சுற்று முறை. அதில் எடைமேடையும் போன் சிக்னலிங்கும் (மணி அடிப்பது, அழைப்பை இணைப்பது போன்ற செய்திகள்) ஒரு கியூ, கேமரா ஒரு கியூ, மீதி எல்லாம் அடியில். எடைமேடைக்குக் கொஞ்சம் தாராளமாகவே எடை கொடுங்கள், அது பயன்படுத்தாததைக் கேமரா எப்படியும் எடுத்துக்கொள்ளும்.

இப்போது சீட்டு ஒட்டும் வேலை, பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். சீட்டு இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று விலான் டேகில் (பாக்கெட் எந்த உள் வலையைச் சேர்ந்தது என்று சொல்லும் ஒட்டில்) இருக்கும் 3 பிட், 802.1பி என்பார்கள், 0 முதல் 7 வரை. இன்னொன்று ஐபி தலைப்பில் 6 பிட், டிஎஸ்சிபி, 0 முதல் 63 வரை, 1998இல் ஆர்எஃப்சி 2474 என்ற இணையத் தர ஆவணம் மூலம் வந்தது. முதலாவது டேகோடு சேர்ந்தது, டேக் இல்லாமல் அனுப்பும் போர்ட்டைத் தாண்டினால் டேகோடு போய்விடும். உங்கள் இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள கேபிள் டேக் இல்லாமல் ஓடினால், எடைமேடையில் ஒட்டிய 802.1பி சீட்டு ஆபீஸ் ஸ்விட்சுக்குப் போய்ச் சேரவே சேராது. டிஎஸ்சிபி பாக்கெட்டுக்குள்ளேயே இருப்பதால் கூடவே வரும். அதனால் இரண்டு ஸ்விட்சிலும் டிஎஸ்சிபியை நம்பும்படி வையுங்கள். ஐபி போன்களில் பெரும்பாலானவை குரலுக்கு 46 என்று தாமாகவே ஒட்டி அனுப்பும், போனின் வெப் பக்கத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

46 எந்தக் கியூவுக்குப் போகிறது என்பதையும் கண்ணால் பாருங்கள். பல ஸ்விட்சுகள் டிஎஸ்சிபியை எட்டால் வகுத்து 802.1பி எண்ணாக்கிக்கொள்ளும், 46 அப்போது 5 ஆகும். நான்கு கியூ ஸ்விட்சுகளில் வழக்கமாக 4, 5 மூன்றாவது கியூவுக்கும் 6, 7 நான்காவதற்கும் போகும். மேல் கியூவை மட்டும் எஸ்பி ஆக்கிவிட்டு குரல் அங்கேதான் இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, குரல் மூன்றாவதில் நின்றுகொண்டிருக்கும். 46ஐ மட்டும் மேலே மாற்றி எழுதிவிடுங்கள். இன்னொரு வேடிக்கை, 802.1பியில் 1 என்பது 0ஐ விடக் கீழே. 0 சாதாரணம், 1 பின்னணி வேலை. கேமராவுக்கு 0ஐ விடக் கொஞ்சம் உயர்வாக இருக்கட்டும் என்று 1 போட்டால் அதை அடிமட்டத்துக்குத் தள்ளியதாக ஆகும்.

எல்லாப் போர்ட்டிலும் சீட்டை நம்பவும் வேண்டாம். கம்ப்யூட்டர் செருகிய போர்ட்டில் எது வந்தாலும் 0 என்று திருத்திவிடுங்கள், எடைமேடை கம்ப்யூட்டருக்கு மட்டும் போர்ட் வழியாகவே உரிய எண்ணைக் கொடுங்கள். யாரும் வேண்டுமென்றே செய்வார்கள் என்பதற்காக இல்லை, சில மென்பொருள்கள் தாமாகவே உயர்ந்த எண்ணை ஒட்டிக்கொண்டு வரும்.

அப்புறம், ஃப்ளோ கன்ட்ரோல் என்ற டிக் பெட்டி. அதை எடுத்துவிடுங்கள். 802.3எக்ஸ் பாஸ் ஃப்ரேம் ('கொஞ்சம் நிறுத்து' என்ற செய்தி) போய்ச் சேர்ந்தால் அந்தப் போர்ட் மொத்தமாக நின்றுவிடும், குரல் கேமரா என்ற பேதம் அதற்குத் தெரியாது. கியூஓஎஸ் போட்டுவிட்டு இதையும் ஆன் செய்து வைத்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. மெனுவில் 802.1கியூபிவி மாதிரி நேரம் குறித்து கதவு திறக்கும் வசதிகள் இருந்தால் தொட வேண்டாம், அவை தொழிற்சாலை இயந்திரங்களுக்கு.

இதை எல்லாம் இரண்டு ஸ்விட்சிலும் செய்ய வேண்டும். எடைமேடை ஸ்விட்ச் கேட்டிலிருந்து ஆபீஸுக்குப் போவதைத்தான் வரிசைப்படுத்தும். ஆபீஸிலிருந்து கேட்டுக்கு வருவதற்குப் பொறுப்பு ஆபீஸ் ஸ்விட்சின் அந்தப் போர்ட். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது உங்களுக்கு வெட்டுகிறது என்றால் ஒரு பக்கம் மட்டும் செய்திருக்கிறீர்கள்.

சாயங்காலப் பிரச்சினை முற்றிலும் வேறு, அதை ஸ்விட்சில் தேடாதீர்கள். ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்கு ஜிகாபிட், ரவுட்டரிலிருந்து வெளியே அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், ஸ்விட்ச் போர்ட்டில் வரிசையே உருவாகாது. எல்லாம் நொடியில் ரவுட்டருக்குப் போய், ரவுட்டரிலோ அதற்கு அடுத்த ஃபைபர் பெட்டியிலோ குவியும். ஆள் நிற்காத இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தி என்ன பயன்? சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பேக்கப் ஓடும்போது ரவுட்டரின் உள் முகவரிக்கு ஒரு பிங், வெளியே ஏதாவது ஒரு முகவரிக்கு ஒரு பிங், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். உள்ளே 1 மில்லி வினாடியும் வெளியே 300ம் வந்தால் குவிவது எங்கே என்று தெரிந்துவிட்டது. பேக்கப் நின்றதும் வெளி பிங் இறங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஒரு திசைக்கு 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை சொல்லும் அளவு.

மருந்து ரவுட்டரில். அப்லோட் வேகத்தை உண்மையான வேகத்தின் 90 சதவீதத்துக்கு, 20 என்றால் 18க்கு, ஷேப் செய்யுங்கள். 2 எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுக்க மனசு வராது, ஆனால் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பெட்டிக்கு வருவது அதனால்தான். அங்கே 46க்கு எஸ்பி கொடுங்கள். எஃப்கியூ-கோடெல் இருந்தால் (வரிசை நீளாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும் முறை, 2018இல் ஆர்எஃப்சி 8290ஆக வந்தது) அதை ஆன் செய்தாலே போதும், பாதி ஆபீஸ்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. இணைய நிறுவனத்தின் வலைக்குள் போன பிறகு உங்கள் 46ஐ மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், பொதுவாக அதை 0 ஆக்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் விட மலிவான வழி, பேக்கப் மென்பொருளிலேயே 10 எம்பிபிஎஸ் வரம்பு போடுவது, அல்லது ராத்திரி பதினோரு மணிக்கு ஓடவிடுவது. சர்வரின் ஸ்விட்ச் போர்ட்டில் ரேட் லிமிட் போட்டுவிடலாமே என்று தோன்றும், அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த வரம்பு இணையத்துக்குப் போவதற்கு மட்டும் என்று ஸ்விட்சுக்குத் தெரியாது, ஆபீஸுக்குள் கணக்கு சர்வரைத் திறக்கிறவர்கள் எல்லோருக்கும் அதே 10 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும்.

எல்லாம் போட்ட பிறகு, போர்ட் கவுண்டர்களைப் பூஜ்யமாக்கிவிட்டு லாரிகள் அதிகம் வரும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்லிங்க் போர்ட்டில் கியூ வாரியாக டிராப் (தூக்கி எறியப்பட்ட பாக்கெட்) எண்ணிக்கை தெரிந்தால், மேல் கியூவில் 0 இருக்க வேண்டும், அடி கியூவில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் அது கியூஓஎஸ் விஷயமே இல்லை, மறுபடியும் கேபிள் முனைக்குப் போங்கள். ஸ்விட்ச் அமைப்பைச் சேமிக்க மறக்காதீர்கள், சேமிக்காமல் விட்டால் ஒரு கரண்ட் கட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கேட் செக்யூரிட்டி அறையில் போர்ட் போதவில்லை என்று யாராவது ஐந்து போர்ட் சாதா ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, அதில் ஒரு போனையும் இரண்டு கேமராவையும் போட்டிருந்தால் அந்தப் போனை மட்டும் பிரித்து நேராக எடைமேடை ஸ்விட்சுக்கு இழுத்துவிடுங்கள். அந்தச் சின்னப் பெட்டிகளில் பல எந்தச் சீட்டையும் படிப்பதில்லை, அதற்குள் நடப்பதை உங்களால் பார்க்கவும் முடியாது.